இந்த வீட்டில் யார் படித்துச் சொல்வது?

அத்தியாயம் 9

போன வெள்ளிக்கிழமை பெரியவள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு நெட்டுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவும் போன வாரமே சொன்னதுதான். "வயசான மனுஷன், பேத்தி செய்கிற தப்பைத் தட்டிக் கேட்க வேண்டாமா?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றட்டும். நல்லவன் என்று பேர் வாங்க நான் இதைச் சொல்ல வரவில்லை.

என் மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் அவனுக்கு ரோடுதான் வீடு. மருமகள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நிற்கிறாள். பெரிய பேத்திக்குப் பத்தொன்பது. மருந்துக்கடை கவுன்ட்டரில் வேலை. சின்னவளுக்கு ஏழு, ரெண்டாம் வகுப்பு. நான் முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் கறுப்புக் கண்ணாடி வழியாக நெருப்பைப் பார்த்தவன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. இங்கிலீஷ் சுத்தமாக வராது.

மருமகளுக்கும் வராது. மகனுக்கு ரோட்டு போர்டு படிக்கிற அளவுக்கு வரும். அதனால் இந்த வீட்டுக்கு வருகிற காகிதம் அத்தனையையும் பத்து வயசிலிருந்து பெரியவள்தான் படித்துச் சொல்கிறாள். பள்ளிக்கூட நோட்டீஸ், கரண்ட் ஆபீஸ் கடிதம், என் கண் ஆபரேஷன் சீட்டு, எல்லாம் அவள் வாயால் கேட்டால்தான் எங்களுக்குப் புரியும். போனில் மெசேஜ் வந்தால் மருமகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நேரே பெரியவள் பக்கம் நீட்டுவாள். அவளும் மகாராணி மாதிரிதான் வாங்குவாள்.

அந்த மகாராணிக்குத்தான் போட்டியாக ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

சின்னவளின் டீச்சர் செய்த ஏற்பாடு அது. வீட்டில் இங்கிலீஷ் பேசாத பிள்ளைகளோடு காலேஜ் மாணவர்கள் நெட்டில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார்களாம். செவ்வாயும் வெள்ளியும், சாயங்காலம் அஞ்சிலிருந்து அஞ்சரை. பள்ளிக்கூடமே டேப்லெட்டை இரவலாகக் கொடுத்தது. பீஸ் கிடையாது. சும்மா கொடுக்கிற எதையும் நான் நம்புகிறவன் இல்லை. "பதிலுக்கு என்ன கேக்கப் போறானுங்க?" என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்களுக்கு வாய்த்தவள் பெரிய வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெண். பெரியவள் வயசுதான் இருக்கும். கண்ணாடிக்காரி என்று நான் பேர் வைத்தேன். சின்னவளோ முதல் நாளே "அக்கா" என்றுவிட்டாள்.

படிக்கும்போது வீட்டு ஆள் ஒருத்தர் அதே அறையில் இருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஆள் நான்தான். பிள்ளை வராவிட்டால் அந்தப் பெண் கால் மணி நேரம் காத்திருப்பாள். தொடர்ந்து மூணு தடவை வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்களாம்.

போன செவ்வாயும் ஒயர் பிடுங்கப்பட்டது. வெள்ளியும் பிடுங்கப்பட்டது. "நெட் போயிடுச்சு" என்றாள் பெரியவள். சின்னவள் அழுதாள். சனிக்கிழமை மருமகள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "காலேஜ்ல பரீட்சையாம். ரெண்டு வாரம் கிளாஸ் கிடையாதாம்" என்று பெரியவள் படித்துச் சொன்னாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எங்கள் எல்லார் காதிலும் பூ. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, உதட்டைக் கடித்தபடி வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "யாருக்கும்மா?" என்று கேட்டேன். "கடைக்கு" என்றாள்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் பேசவில்லை?

அஞ்சு மணி என்பது முன்னாடி என்னுடைய நேரம். சின்னவள் பள்ளிக்கூடத்துப் படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மடியில் ஏறுவாள். நான் எழுத்து மேல் விரலை ஓட்டி, படத்தைப் பார்த்து என் இஷ்டத்துக்குக் கதை விடுவேன். கரடி பட்டறை வைக்கும். முயல் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கும். தாத்தா இங்கிலீஷ் படிக்கிறார் என்று ரெண்டு வருஷம் நம்பினாள். கண்ணாடிக்காரி வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். என் விரலைப் பிடித்து நிறுத்திவிட்டு, "தாத்தா, இங்க அப்படி எழுதலையே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

அப்புறம் மடிக்கு வரவே இல்லை. அதனால் ஒயரைப் பிடுங்கின கையைப் பார்த்தபோது, என் வயிற்றெரிச்சலுக்கும் ஒரு கை கிடைத்தது என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன். போதுமா?

இன்றைக்குச் செவ்வாய்.

காலையிலேயே தகராறு. சின்னவள் ஒரு படம் வரைந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். கடைக்குக் கிளம்பிய பெரியவள் ஒரு கையில் சீப்போடு அதன் முன்னால் நின்றாள்.

"யாருடி இது, கண்ணாடி போட்டுட்டு நடுவுல?"

"அக்கா."

"அப்ப நான் யாரு?"

"நீயும் அக்காதான். இதோ இருக்க பாரு." ஓரத்தில், ஒரு மேஜைக்குப் பின்னால், கட்டை விரல் அளவுக்கு ஒரு உருவம்.

"நான் மட்டும் ஏன் இத்தனூண்டு இருக்கேன்?"

"நீ கடையில இருக்க இல்ல? கடை தூரம்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பெரியவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நல்லாக் கேட்டுக்கோ. அவ ஒண்ணும் உன்மேல பாசத்துல வரல. மார்க்குக்கு வரா. உன்கூட உக்காந்து படிச்சா அவளுக்குக் காலேஜ்ல மார்க் போடுவாங்க. அவ்வளவுதான்."

சின்னவள் யோசித்தாள். "நான் நல்லாப் படிச்சா அவங்களுக்கு ஜாஸ்தி மார்க் கிடைக்குமா?"

பெரியவள் சீப்பை வீசிவிட்டுப் போனாள். கதவு அறைந்த அறையில் படம் கழன்று விழுந்தது. சின்னவள் எடுத்துத் திரும்ப ஒட்டினாள்.

பெரியவளையும் சும்மா குற்றம் சொல்ல முடியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் காலேஜில் இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தையும் அவளேதான் எங்களுக்குப் படித்துச் சொன்னாள். அதே மாதம் மருமகளுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன். ஆறு மாசம் வேலைக்குப் போக முடியவில்லை. "அடுத்த வருஷம் சேந்துக்கலாம்" என்றோம். சொன்னது நானும்தான். அடுத்த வருஷமும் வந்தது, போனது. இப்போது டேப்லெட்டில் கண்ணாடிக்காரி வரும்போது பெரியவள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளுக்குப் பின்னால் தெரிகிற அறையைப் பார்ப்பாள். கட்டில், அலமாரி நிறையப் புத்தகம், ரெண்டு ஜன்னல். ஒருநாள் தனக்குள்ளேயே, "ஒரு ஆளுக்கு ரெண்டு ஜன்னல்" என்று முணுமுணுத்தாள்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு மருமகள் வந்தாள். நாள் முழுக்க ஆவி பட்டுக் கையெல்லாம் வெளுத்திருந்தது. சின்னவள் தரையில் குப்புறப் படுத்து, மணியைப் பார்ப்பதும் பென்சிலைக் கடிப்பதுமாக இருந்தாள்.

"பரீட்சை முடிஞ்சிருக்குமாம்மா?"

"ரெண்டு வாரம்னு அக்கா சொன்னா இல்ல? இன்னும் ஒரு வாரம்கூட ஆகலையே."

சரியாக அஞ்சு மணிக்குப் போன் கிணுகிணுத்தது. மருமகள் எடுத்தாள். பழக்கத்தில் கையை நீட்டினாள். நீட்டின பக்கம் ஆள் இல்லை. பெரியவள் கடையிலிருந்து இன்னும் வரவில்லை.

"குடும்மா, நான் படிக்கிறேன்."

"உனக்கு எங்கடி தெரியும்? அக்கா வரட்டும்."

"கொஞ்சம் தெரியும். குடேன்."

"குழந்தை கையில போன் எதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே அயோக்கியத்தனமாகக் கேட்டது. அதற்குள் போன் கைமாறிவிட்டது.

அவள் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். போனைத் தரையில் வைத்தாள். இடது கைச் சுண்டுவிரலால் வார்த்தையை மூடினாள். விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, தெரிகிற எழுத்துக்கு மட்டும் வாயில் சத்தம் கொடுத்தாள். வரவில்லையா, அந்த வார்த்தையைத் தாண்டி அடுத்ததுக்குப் போனாள். வரி முடிந்ததும் விட்டதைப் பிடிக்கத் திரும்பி வந்தாள். எல்லாம் கண்ணாடிக்காரி சொல்லிக்கொடுத்தது. பட்டறையில் மெல்லிசுத் தகட்டைப் பற்றவைக்கும்போது ஓட்டை விழாமல் இருக்க நாங்கள் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைப்போம். அதே பொறுமை.

"என்னடி போட்டிருக்கு?" என்றாள் மருமகள்.

"இரும்மா. செவ்வாய்... வெள்ளி... நாம வரலையாம்." விரல் நகர்ந்தது. "இன்னிக்கு அஞ்சு மணிக்கு அக்கா வெயிட் பண்றாங்களாம்."

"இன்னிக்கா? பரீட்சைன்னாளே!"

"பரீட்சைன்னு இதுல எங்கயும் இல்லம்மா." ரெண்டாம் தடவை முதலிலிருந்து தேடினாள், நியாயமாக. "இல்ல. இன்னிக்கும் வரலைன்னா... இடத்தை... வேற குழந்தைக்குக் குடுத்துடுவாங்களாம்."

வாசலில் செருப்புச் சத்தம். பெரியவள் உள்ளே வந்தாள். தரையில் போன், அதன்மேல் தங்கையின் விரல், எதிரில் அம்மா. ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கடிகாரத்தில் அஞ்சு ஆறு.

"சனிக்கிழமை மெசேஜ்ல என்ன எழுதியிருந்துச்சு?" மருமகள் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டால் பயமில்லை. சத்தம் போடாவிட்டால்தான்.

"சொன்னேனே."

"இப்ப சொல்லு."

பெரியவள் தோள் பையை இறக்கவில்லை. பட்டையைப் பிடித்தபடி நின்றாள். சின்னவள் எழுந்து அவள் பக்கத்தில் போனாள்.

"அக்கா, நீ தப்பாப் படிச்சிட்டியா? எனக்கும் அப்படித்தான் வரும். தெரியாத வார்த்தை வந்தா நானும் எதையாவது சொல்லிடுவேன்."

பரிகாசம் இல்லை. நிஜமாகவே அக்காவுக்கு ஒரு வழி விட்டாள். ஒன்பது வருஷம் வீட்டுக்கே படித்துச் சொன்னவளுக்கு, ஏழு வயசு சொல்கிற சமாதானம்! ஒரு அறை விட்டிருந்தால்கூடப் பெரியவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஆமா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "தப்பாப் படிச்சிட்டேன்."

"பொய்" என்றாள் மருமகள். "மருந்துக்கடையில டாக்டர் கிறுக்கினதை எல்லாம் படிக்கிறவ நீ. நெட்டு ரெண்டு தடவை போச்சே, அதுவும் நீதானா?"

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சு ஒன்பது.

"மாமா, நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெரியவள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்காதே என்று கெஞ்சுகிற பார்வை இல்லை அது. நீயும்தானே என்கிற பார்வை.

"தெரியும்" என்றேன். "ரெண்டு தடவையும் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"சும்மா இருந்தேன். எனக்கும் அந்தப் பொண்ணைப் பிடிக்கல."

மருமகள் என்னை என்ன நினைத்தாளோ, கேட்கவில்லை. சுவரைப் பார்த்து, "நல்லா இருக்கு. அந்தப் பக்கம் எவ பெத்த பொண்ணோ காத்துக் கிடக்கா. இந்தப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் கட்சி கட்டிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள்.

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து டேப்லெட்டை எடுத்துவிட்டாள். திறக்கவில்லை. அதன் பூட்டு நம்பர் பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் நாள் பூட்டு வைத்தவளே அவள்தான்.

"அக்கா, நம்பர் போடுக்கா. மணி ஆகுது."

பெரியவள் அசையவில்லை. அஞ்சு பன்னிரண்டு.

"நீ போடலைன்னா வேற பாப்பாவுக்குக் குடுத்துடுவாங்க." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அக்கா, அந்தப் படத்துல உன்னைப் பெருசா வரைஞ்சிடறேன்."

நான் எழுந்தேன். முட்டி மடக்கென்றது. செருப்பு அலமாரிக்குப் பின்னால் கை விட்டு, ஒயர் சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். இருந்தது. என்னால் முடிந்தது அவ்வளவுதான். "போட்டுவிடு பெரியவளே" என்றேன். "நாம ரெண்டு பேரும் அசிங்கப்பட்டது போதும்."

அவள் பையைத் தரையில் போட்டாள். டேப்லெட்டைப் பிடுங்குவது மாதிரி வாங்கி, நாலு தட்டுத் தட்டி, தங்கை முன்னால் வைத்தாள். அஞ்சு பதினாலு.

கண்ணாடிக்காரி இருந்தாள். கன்னத்தில் கை வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தவள், சின்னவள் முகம் தெரிந்ததும் துள்ளி நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் போட்டாள். மார்க்குக்கு வருகிறவள் அப்படித் துடைப்பாளா என்று எனக்கு ஒரு சந்தேகம். எதையும் நம்பாதவனுக்கு இது ஒரு இம்சை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

தண்ணீருக்குப் பயந்த ஒரு படகின் கதை. சின்னவள் படித்தாள். அவள் திணறின இடத்தில் அந்தப் பெண் முந்திக்கொண்டு சொல்லவில்லை. காத்திருந்தாள். படகு கடைசிவரை கரையிலேயே நின்றது. மீதியை வெள்ளிக்கிழமை படிக்கலாம் என்று சின்னவள்தான் சொல்லியிருப்பாள் போல. சின்னவள் "ப்ரைடே, ப்ரைடே" என்று தலையாட்டினாள். அந்தப் பெண் மட்டும் தலையாட்டவில்லை.

அஞ்சரைக்கு அணைக்கப் போன பெரியவளைக் கண்ணாடிக்காரி கூப்பிட்டாள். இத்தனை மாதத்தில் அவளிடம் நேராகப் பேசினது இதுதான் முதல் தடவை. மெதுவாகப் பேசினாள். நாலைந்து வாக்கியம் இருக்கும். கோபமாகப் பேசவில்லை. பேசப் பேச பெரியவளின் காது மடல் பட்டறை இரும்பு மாதிரி சிவந்தது. "சாரி" என்கிற மாதிரி ஏதோ முனகிவிட்டுச் சட்டென்று அணைத்தாள்.

"என்ன சொன்னா?" என்றாள் மருமகள்.

"ஒண்ணுமில்ல. வந்ததுக்குத் தேங்க்ஸ்னு சொன்னா."

சின்னவள் பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"இல்லக்கா, அப்படிச் சொல்லல."

மருமகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா பேர்ல அவங்க காலேஜுக்கு ஒரு லெட்டர் போச்சாம். அதனால வெள்ளிக்கிழமையிலிருந்து அவங்களை நிறுத்திடுவாங்களாம். எங்கயும் யாருக்கும் படிக்கக் கூடாதாம். நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்னு அக்காகிட்ட கேட்டாங்க. எல்லாமே புரிஞ்சுது. ஒரே ஒரு வார்த்தைதான் தெரியல." அவள் பெரியவளின் சட்டை நுனியைப் பிடித்தாள். "கம்ப்ளெயிண்ட்னா என்னக்கா?"

அந்த அறையில் இங்கிலீஷே தெரியாத ரெண்டு பேர் இருந்தோம். எங்கள் ரெண்டு பேருக்கும் அந்த வார்த்தை தெரியும். பட்டறையிலும் சலவைக்கூடத்திலும் வேலை பார்த்தவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த வார்த்தையால் வேலை போனவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் எனக்கு ஞாபகம் வந்தது. பெரியவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மருமகள் தரையில் கிடந்த போனை எடுத்தாள். வேர்த்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள். ஒன்பது வருஷப் பழக்கம்; பெரியவளின் கை தானாக நீண்டு பாதி தூரம் வந்துவிட்டது.

போன் அவள் கையைத் தாண்டிப் போனது.

"அந்த லெட்டரைத் தேடி எடு கண்ணு" என்றாள் மருமகள், சின்னவளிடம். "ஒரு வார்த்தை விடாம நீ படிச்சுச் சொல்லு."

பெரியவளின் கை பாதி தூரத்திலேயே நின்றது.